தொண்ணூறு டிகிரி

சூட்டுப்பையைத் துணியில் சுற்றித் தொடையின் மேல் வைத்து, அதற்கு மேல் ஒரு துண்டையும் போட்டு, "பதினஞ்சு நிமிஷம்மா, அசையாமப் படுத்திருங்க, ரொம்பச் சுட்டா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பச்சைத் திரையை இழுத்து மூடிப் போகிறது பிசியோதெரபிப் பிள்ளை. சுடவில்லை. சுட்டாலும் கூப்பிட மாட்டேன், எனக்குக் கூப்பிட வராது, மூத்தவள் பிறக்கும்போதே நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, என்னம்மா சத்தத்தையே காணோம், தூங்கிட்டீங்களா என்று கேட்டாள். இதமாகத்தான் இருக்கிறது. சூடு தோலில் இறங்கி, சதையில் இறங்கி, அதற்கும் கீழே டாக்டர் வைத்த இரும்பு வரைக்கும் போகுமோ என்னவோ. இரும்பு இல்லை என்று வீட்டுக்காரவுக சொன்னாக, வேறு ஏதோ உலோகமாம், துருப்பிடிக்காதாம். துருப்பிடிக்காது சரி, மடங்கவும் மாட்டேன் என்கிறதே. இன்றைக்குப் புதன்கிழமை, அளவெடுக்கிற நாள். முட்டி மாற்றி இன்றோடு ஆறு வாரம். போன புதன் எழுபத்தெட்டு, அதற்கு முந்தின புதன் எழுபத்தேழு. ஏழு நாள் பல்லைக் கடித்ததற்கு ஒரே ஒரு டிகிரி. தொண்ணூறு வர வேண்டும். இன்றைக்கும் தொண்ணூறு வரவில்லை என்றால் திங்கட்கிழமை தியேட்டருக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்து நாங்களே மடக்கி விட்டுடுவோம்மா, கீறல் கிடையாது, ரத்தம் கிடையாது, பத்து நிமிஷ வேலை என்று ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். குடையை மடக்கி மூலையில் சாத்துகிற மாதிரி சொன்னார். நல்ல மனுஷன், தங்கமான கை, என்னை மூன்று வருஷ வலியிலிருந்து மீட்டவர், அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் அந்த வார்த்தை. மடக்கி விட்டுடுவோம். மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி. கோயில் திருவிழா முடிந்ததும் பந்தல்காரர்கள் நாற்காலியை மடக்குவார்களே, டப் டப் என்று, ஒன்று மட்டும் மடங்காமல் அடம்பிடிக்கும், காலால் ஒரு மிதி மிதிப்பார்கள்.

தொண்ணூறு. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் நான் படித்தேன், அதில் கணக்கு எனக்குப் பிடிக்கும், கோணமானியை வைத்துப் புள்ளி வைப்பது ரொம்பப் பிடிக்கும். நேர்கோடு என்றால் நூற்றெண்பது என்று படித்தது. இங்கே காலை நேராக நீட்டினால் பூஜ்யமாம், மடக்க மடக்கத்தான் ஏறுமாம். முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்குக் குழம்பிவிட்டது. பெரிய டாக்டரின் அறையில் தொண்ணூறு என்று கேட்டுவிட்டு வெளியே வந்ததும் அவுக சிரித்தாக. "நம்ம வீட்ல மகளுக்கு ரெண்டு டிகிரி, மகனுக்கு ஒரு டிகிரி, நீ ஒருத்தியாத்தான் தொண்ணூறு டிகிரி வாங்கப் போற" என்றாக. எனக்கும் சிரிப்புதான் வந்தது, ஆனால் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவுக ஆஸ்பத்திரிக் கதவை வெளிப்பக்கமாகத் தள்ளாமல் உள்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தாக. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் எடைமேடையில் லாரி லாரியாக நிறுத்து அனுப்பிய மனுஷன், எத்தனை டன் ஏறினாலும் முகம் மாறாது. இந்த ஒன்றுக்கு மாறியது. இப்போதும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாக. பேப்பர் விரித்திருப்பாக, ஆனால் பக்கம் திருப்புகிற சத்தத்தைக் காணோம்.

மயக்கத்துக்கு ஏன் இந்தப் பயம் என்று மகள் விண்ணரசி போனில் கேட்டாள். மதுரையில் டீச்சராக இருக்கிறாள், எதையும் காரணம் கேட்டுத்தான் பழக்கம். "பெரிய ஆபரேஷனே முடிஞ்சிட்டு, இதுக்குப் போயி பயப்படுதீங்களேம்மா" என்றாள். எப்படிச் சொல்வது. அந்த ஆபரேஷனுக்கு முதுகில்தான் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதே தவிர மேலே நான் நானாகத்தான் இருந்தேன். முகத்துக்கு முன்னால் நீலத்துணி, அதற்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறை மாதிரி தட்டுகிற சத்தம், அறுக்கிற சத்தம், என் கால்தான், ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் விரலை மடக்கி மடக்கி ஜெபமாலை சொல்லிக்கொண்டே கிடந்தேன். மூன்று முழு ஜெபமாலை முடித்தபோது தையலே போட்டுவிட்டார்கள். பயமே இல்லை. பயம் வருவதற்கு இடம் இருந்தால்தானே, ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கிவிடுகிறதே. முழு மயக்கம் அப்படியில்லை. மூக்கில் வைத்ததும் பாதி வார்த்தையில் அறுந்துபோகும். அதற்குப் பிறகு உள்ளே யார் ஜெபம் சொல்லுவார்கள். தூங்கும்போது மட்டும் சொல்லுதீங்களா என்று கேட்பாள் விண்ணரசி. தூக்கம் வேறு. தூக்கத்துக்கு நானே போகிறேன், போகும்போது மாதாவிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுப் போகிறேன். மயக்கத்துக்கு என்னைக் கொண்டுபோகிறார்கள். அறுபத்திரண்டு வயதில் இதைப் பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது, அம்மா என்ன சின்னப்பிள்ளையா என்பாள். அதனால் "ஒண்ணுமில்லட்டி, சும்மாதான்" என்று சொல்லிவிட்டேன். பெங்களூரில் இருக்கிற மகன் ததேயு காரணம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புகிறான், இன்னைக்கு எத்தன என்று. ஒரு நாளைக்கு ஒரு தடவை அந்தக் கேள்வியைப் பார்க்க எனக்குப் பரீட்சை நம்பர் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஆனாலும் நன்றி சொல்லத்தான் வேண்டும், எத்தனையோ பேருக்குச் சொல்ல வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் சக்கரம் கிரீச் கிரீச் என்று சுற்றுகிறது, அது உப்பளத்து லாரி ஓட்டுகிற அண்ணாச்சி, தோள் இறுகிப்போய் கையைத் தூக்க முடியாமல் வந்தவர், சுவரில் மாட்டிய அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றியே இப்போது தலை சீவிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார். நான் வந்த முதல் வாரம் ஒன்றும் தெரியாது. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன், ரெண்டு மாத்திரை, கொஞ்ச நாள் படுக்கை, அப்புறம் எழுந்து கோயிலுக்கு நடந்துவிடலாம் என்று. மறுநாள் காலையிலேயே இந்தப் பிள்ளை வந்து நின்றது. எழுந்திருங்கம்மா, நிக்கணும். நேற்றுத்தானே அறுத்தார்கள் என்றேன். "அறுத்தது அவங்க வேலை, நிக்க வைக்கிறது என் வேலை. ஆபரேஷன் பாதிதான்மா, மீதிப் பாதி நீங்களும் நானும் செய்யணும்" என்றது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி. வேர்த்து ஊற்றியது. மறுநாள் பத்து. வீங்கும், பயப்படாதீங்க என்றது, வீங்கியது. ராத்திரி குத்தும் என்றது, குத்தியது. ஒரு நாள் நல்லா வரும், மறுநாள் வராது, அதுக்காக அழக்கூடாது என்றது. அது மட்டும் என்னால் முடியவில்லை, அழுதேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தது, வரப்போகிற வலிக்கெல்லாம் முன்னால் ஒரு ஆளை நிறுத்தி வைத்த மாதிரி. முதல் நாள் பேரைக் கேட்டேன். "பேச்சியம்மாள். எங்க ஊர் அம்மன் பேரு. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்கம்மா, நான் காலைத் தொடும்போது பயந்தாப் போதும்" என்றது. முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும், மெலிந்த உடம்பு, ஆனால் அந்தக் கையில் எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ. எல்லோரும் பேச்சி டாக்டர் என்கிறார்கள். நான் முதலில் டாக்டரம்மா என்றேன், மூன்றாம் நாளே பிள்ள என்று வாயில் வந்துவிட்டது, அது சிரித்துக்கொண்டது. என் ஜெபத்தில் தினமும் அந்தப் பேரையும் சொல்லுகிறேன். மாதாவிடம் பேச்சியம்மன் பேரைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசனை வந்தது. பேர்தானே. பெற்றவர்கள் பாசமாக வைத்த பேர்.

பயிற்சியில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை, அதுதான் எனக்கு விளங்காதது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நல்ல காலால் இந்தக் காலைப் பின்னுக்குத் தள்ளுவது. தள்ளிப் பிடிச்சு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அப்படிப் பத்து தடவை என்று சொல்லியிருந்தது. பத்து எண்ணுவதில் என்ன இருக்கிறது, நான் எண்ணுவதற்குப் பதில் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். அது முடிய ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். பத்து தடவை மடக்கினால் பத்து மணி, ஜெபமாலையில் ஒரு பத்து சரியாக முடிந்துவிடும். கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது, வலியும் வீணாகவில்லை, நேரமும் வீணாகவில்லை. காலையில் ஒரு பத்து, மதியம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, ஆக அஞ்சு பத்து, ஒரு நாளைக்கு முழு ஜெபமாலையே முட்டியில் ஓடிவிட்டது. ஆனால் ஒரு நாள், மூன்றாம் வாரம், வலி தாங்காமல் வேகமாகச் சொல்லிவிட்டேன். வார்த்தையை வார்த்தைமேல் ஏற்றி, சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் காலை நீட்டலாமே என்று. சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது, மாதாவையே அவசரப்படுத்தியிருக்கிறேன், கடைக்காரனைப் பொட்டலம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிற மாதிரி. அன்றிலிருந்து அதற்குப் பரிகாரமாக நிறுத்தி நிதானமாகச் சொல்லுகிறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை கொடுத்து, முதுகை நிமிர்த்தி, பல்லைக் கடித்து. அன்றிலிருந்துதான் நம்பர் ஏறவே மாட்டேன் என்கிறது. இது தண்டனையாக இருக்குமோ. சே, அப்படியெல்லாம் தண்டிக்கிற ஆள் இல்லை மாதா. ஆனாலும் அந்த எண்ணம் முள் மாதிரி அதே இடத்தில், எடுக்க எடுக்க.

திரை விலகுகிறது. சூட்டுப்பையை எடுத்த இடத்தில் காற்றுப் பட்டுச் சில்லென்கிறது. "எழுந்து ஓரத்துல உட்காருங்கம்மா. அய்யா வெளிய பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிட்டு இருக்காங்க" என்கிறது பேச்சி. நான் விளிம்புக்கு நகர்ந்து காலைத் தொங்கப் போடுகிறேன். கீழே ஒரு சின்ன ஸ்டூலில் அது உட்கார்ந்துகொண்டு என் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறது. நான் அந்த நேரம் கண்ணை மூடிவிடுவேன். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்து, தொடங்கிவிடுகிறேன். கால் பின்னால் போகிறது, போகிறது, அந்த இடம் வந்துவிட்டது, தினமும் வருகிற இடம், யாரோ உள்ளே கதவுக்குத் தாழ் போட்டு வைத்திருக்கிற இடம். வலி முட்டியில் தொடங்கிப் பல்லில் வந்து முடிகிறது. பேச்சி கோணமானி மாதிரி ரெண்டு கை வைத்த ஸ்கேலை முட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கிறது. எண்பத்தொண்ணு. இன்னும் ஒன்பது குறைகிறது. ஒன்பது. திங்கட்கிழமை. நீலத்துணிகூட இருக்காது, ஒன்றுமே இருக்காது. இன்னொரு தடவை. எண்பத்தொண்ணு. இன்னொரு தடவை. எண்பது. பேச்சி காலை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறது, அப்புறம் ஒரு கையைத் தூக்கி என் தொடையின் மேல் வைக்கிறது. "இது என்னம்மா, தொடையா பலகையா" என்கிறது. வைத்த கையை எடுக்கவில்லை. "வாய்க்குள்ள என்ன சொல்லிட்டிருக்கீங்க?"

எனக்குத் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஜெபந்தான் பிள்ள என்றேன். பத்து எண்ணுகிறதுக்குப் பதில் அதைச் சொல்கிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காலையில் ஒன்று, மதியம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, வேகமாகச் சொன்ன அந்த ஒரு நாளையும்கூட. அது சிரிக்கவில்லை. யோசித்தது. "சரி, இப்ப சொல்லாதீங்க, சும்மா இருங்க" என்றது. இருந்தேன். "இப்ப சொல்லுங்க" என்றது. சொன்னேன். "நிறுத்துங்க." நிறுத்தினேன். என் கையையே பிடித்து என் தொடையின் மேலேயே வைத்து, "இப்ப மறுபடி சொல்லுங்க, கைக்குத் தெரியுதான்னு பாருங்க" என்றது. தெரிந்தது. அருள் என்ற வார்த்தை தொடங்கும்போதே தொடைச் சதை கயிறு இழுத்துக் கட்டின மாதிரி இறுகிவிட்டது. நான் இறுக்கவில்லை, அதுவாக இறுகியது. நிறுத்தினால் தளர்ந்தது. எங்கேயோ பழகின இறுக்கம். ஏழு வயது எனக்கு, கோயிலில் கல் தரை, பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக முழங்காலில், எங்களுக்கு மறைக்கல்வி எடுத்த சிஸ்டர் பின்னால் நடந்து வருவார், யார் களைத்துப்போய்க் குதிகாலில் உட்கார்ந்தாலும் தோளைத் தொட்டு, ராஜாவுக்கு முன்னாடி யாராச்சும் சரிஞ்சு உட்காருவாங்களா, நிமிரு, தொடையில நில்லு என்பார். அதட்டல் இல்லை, அன்பாகத்தான். தொடையில நில்லு. ஐம்பத்தைந்து வருஷமாக நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். படுத்துக்கொண்டு சொன்னாலும், பஸ்ஸில் சொன்னாலும், என் தொடை மட்டும் அந்தக் கல் தரையில் நின்றிருக்கிறது. ஆறு வாரம் நான் காலை மடக்க, ஜெபம் காலை நிமிர்த்த, ரெண்டு பேரும் ஒரே கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறோம். தண்டனை இல்லை. தண்டனையே இல்லை. எனக்கு அது ஒன்றே போதும் என்று இருந்தது.

"சாமியைக் கொஞ்ச நேரம் வெளிய அய்யாகூட உட்காரச் சொல்லுங்கம்மா" என்றது பேச்சி. அய்யோ பிள்ள, அப்படிச் சொல்லாத என்றேன். "நான் சாமிக்கு எதிராச் சொல்லலம்மா. உங்க தொடைக்கு எதிராத்தான் சொல்றேன். எங்க அம்மனா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்." எண்ணவும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம், நேரத்தை நான் பாத்துக்கறேன், நீங்க பேசுங்க என்றது. என்ன பேச. "எதாச்சும். நேத்து உங்க வீட்ல என்ன குழம்பு?" மீன் குழம்பு என்றேன். யாரு வச்சா என்று கேட்டது, கேட்டுக்கொண்டே குதிகாலை ஏந்திக்கொண்டது. அவுகதான் என்றேன். நான் ஆபரேஷனுக்குப் போகிறவரை உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன். நல்லா இருந்துச்சா? எனக்குப் பொய் வராது, அவுகளைக் குறை சொல்லவும் வராது, ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எடை சரியா இருந்துச்சு பிள்ள என்றேன். "எடையா?" ஆமா, எடைமேடையில இருந்தவுக இல்லியா, முதல் நாள் மகளுக்குப் போன் போட்டு உப்பு எவ்வளவு போடணும்னு கேட்டாக, அவ தேவையான அளவுப்பான்னு சொல்லிட்டா, தேவையான அளவுன்னா எத்தன கிராம்னு அரை மணி நேரம் சண்டை. மறுநாள் கடைக்குப் போய்ச் சின்னத் தராசு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாக. இப்போ அரைக் கிலோ மீனுக்கு பதினாலு கிராம் உப்பு, ஒரு கிராம் கூடுனா கரண்டியால திரும்ப அள்ளிப்போட்டு நிறுக்காக. புளிய கொட்டையோட மிக்ஸியில போட்டாக, அது போட்ட சத்தத்துக்கு மாடி வீட்டுக்காரவுக எறங்கி வந்துட்டாக. பேச்சி சிரிக்கிறது, அதன் கை என் குதிகாலில் குலுங்குகிறது, எனக்கும் சிரிப்பு வருகிறது. அதோட போச்சா, நான் சாப்பிடுத சோத்தையும் நிறுத்துதான் வைக்காக, மிச்சம் வச்சா அதையும் நிறுக்காக, நேத்தைவிட முப்பது கிராம் கம்மியாச் சாப்பிட்டிருக்க, என்ன சேதி, கால் வலிக்கான்னு முகத்தப் பாத்துக் கேக்காக. இந்த மனுஷன் கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்துல நான் சாப்பிட்டேனான்னே கேட்டதில்ல பிள்ள, இப்போ கிராம் கணக்குல கேக்காக. சொல்லும்போது சிரிப்பும் வருகிறது, கண்ணிலிருந்து தண்ணியும் வருகிறது, எது எதற்கு என்று தெரியவில்லை. வெளியிலிருந்து குரல் வருகிறது, "ஏ பிரகாசி, அங்கன என்ன சிரிப்பு, என்னப் பத்தியா?" "ஆமாய்யா, உப்பப் பத்தி" என்று பேச்சி திரும்பாமலே பதில் சொல்கிறது. "அது பதினாலு கிராம்தானே போட்டேன்" என்கிறாக அவுக, குரலில் நிஜமாகவே கவலை. நான் சிரித்த சிரிப்பில் உடம்பு பின்னால் சாய்ந்து கையை ஊன்ற வேண்டியதாகிவிட்டது. இடுப்பு, தொடை, எல்லாம் என் பிடியில் இல்லாமல் யார் வீட்டுச் சாமானோ மாதிரி கிடந்தது. அந்தத் தாழ் போட்ட இடம் வந்ததா, எப்போது வந்தது, தெரியாது. பேச்சி ஸ்கேலை வைத்தது. குனிந்து பார்த்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பார்த்தது.

"தொண்ணூத்தி மூணு" என்றது, உரக்கச் சொன்னால் குறைந்துவிடும் என்பது போல மெதுவாக. வலி அப்போதுதான் வந்தது, தாமதமாக, ஆளைத் தேடிக்கொண்டு வந்த மாதிரி. காலை மெல்ல இறக்கி வைத்து, ஐந்து நிமிஷம் நீட்டச் சொல்லி, ஒரு தடவை சிரிச்சதுல வந்துச்சா, நிஜமா வந்துச்சான்னு பாக்கணும் என்று இன்னொரு தடவை எடுத்தது. என் அம்மா கருவாடு காய வைத்த கதையைச் சொன்னேன், அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை. தொண்ணூத்தொண்ணு. அது போதும் என்றது. அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் போட்டது. ஆமா சார், தொண்ணூத்தொண்ணு, ரெண்டு தடவை பாத்துட்டேன், இல்ல சார், தசைதான் இறுக்கிட்டு இருந்துச்சு, விட்டுருச்சு, சரி சார். போனை வைத்துவிட்டு, "திங்கட்கிழமை தியேட்டர் இல்லம்மா. இங்கதான் வரணும், படி ஏறணும்" என்றது. பெரிய நிம்மதி வந்தால் ஏதாவது செய்யத் தோன்றும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை, அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் பையைச் சுற்றிக் கட்டினார்கள், சில்லிப்பு எலும்பு வரை. அப்போதுதான் நினைத்தேன், முக்கால் மணி நேரமாக மாதாவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. முழித்திருந்து, அவ்வளவு வலிக்கு நடுவில், ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. அறுந்த இடத்தில் விழவில்லை. என் குதிகாலுக்குக் கீழே ஒரு கை இருந்துகொண்டேதான் இருந்தது, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். இதை யாரிடம் சொல்ல. இனிமேல் ஜெபத்துக்குச் சாயங்காலம் தனி நேரம், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தொடையைத் தளர விட்டு. பயிற்சிக்குப் பேச்சு. "வீட்ல யாரு இருக்கா பேச?" என்று கேட்டது பேச்சி. அவுகதான் என்றேன். "அப்ப அய்யாவப் பத்தி அய்யாகிட்டயே பேசுங்க, இன்னும் நல்லா மடங்கும்" என்றது.

வெளியே வந்தேன். அவுக எழுந்து நின்றாக. தொண்ணூத்தொண்ணு என்றேன். சரி சரி என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு, செருப்பைக் காணோம் என்று தேடினாக, காலில்தான் போட்டிருந்தாக. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இந்த ஆறு வாரமும் நான் பின் சீட்டில் குறுக்காகத்தான் உட்கார்ந்து வருவேன், கால் முழுச் சீட்டிலும் நீண்டு கிடக்கும், அவுகளுக்கு இடம் இருக்காது. டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டில் ஒருச்சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவா மெதுவா என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வருவாக. இன்றைக்கும் நான் கம்பியைப் பிடித்து முதலில் ஏறினேன், வழக்கம்போலக் குறுக்காகத் திரும்பப் போனேன், அப்புறம் திரும்பவில்லை. நேராக உட்கார்ந்து காலை மெல்லக் கீழே மடக்கி வைத்தேன். வலித்தது, ஆனால் வந்தது. பக்கத்தில் பாதி சீட் காலியாக இருந்தது. அவுக அதைக் கவனிக்காமல் முன்பக்கம் போய் டிரைவரிடம் கொஞ்சம் நகரச் சொல்லிக்கொண்டிருந்தாக. எனக்குக் கூப்பிட வராது. "இங்கன வாங்க" என்று கூப்பிட்டேன்.